பழைய லாரியின் ஸ்டியரிங்கும் ஸ்பிரிங்கும்: நல்ல உதிரிப் பாகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது பழமொழி. தேருக்குச் சொன்ன இச்சொல் இன்று லாரிக்கும் பொருந்தும். பத்து டன் பாரத்தோடு மலைச்சரிவில் இறங்கும் லாரியின் உயிர், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பந்து முனையிலும், பேனா நீளமுள்ள ஒரு போல்ட்டிலும் அடங்கியிருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டால் லாரி நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் ஸ்டியரிங்கின் ஓர் இணைப்பு கழன்றாலோ, முன் ஸ்பிரிங்கின் பட்டை முறிந்தாலோ, லாரி நிற்பதில்லை. ஓட்டுநரின் சொல் கேளாமல் ஓடுகிறது. ஆகவே இவ்விரண்டிலும் மாற்றுப் பாகம் வாங்குவோர், மற்றவற்றைக் காட்டிலும் பன்மடங்கு கவனம் கொள்ள வேண்டும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரியோடு தொடர்பில்லாத குடும்பங்கள் குறைவு. ஓட்டுநர், கிளீனர், பாடி கட்டும் தச்சர், வெல்டர், ஸ்பிரிங் பட்டறைக்காரர், டயர்க் கடைக்காரர் எனப் பலருடைய பிள்ளைகள் நம் கல்லூரியில் பயில்கின்றனர். நானும் அவர்களுள் ஒருவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். 2010-இல் பதிவான ஆறு சக்கர லாரி ஒன்றை என் தந்தை 2017-இல் பழையதாக வாங்கினார். அதன் வாடகையில்தான் பைனான்ஸ் தவணையும், வீட்டுச் செலவும், என் கல்லூரிக் கட்டணமும் நடக்கின்றன. வகுப்பில் கற்ற இயற்பியலையும் பட்டறையில் கண்ட அனுபவத்தையும் இணைத்து, என்னைப் போன்ற மாணவர்களுக்குப் பயன்படும் வண்ணம் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இரண்டு அமைப்புகள்

முதலில் உறுப்புகளை அறிவோம். ஓட்டுநர் வளையத்தைத் திருப்பும்போது, அத்திருப்பம் ஸ்டியரிங் பாக்ஸுக்குள் செல்கிறது. அங்கே திருகு மரைக்கும் நட்டுக்கும் இடையே சிறு எஃகுக் குண்டுகள் உருண்டு உராய்வைக் குறைக்கின்றன. பாக்ஸிலிருந்து வெளிவரும் டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவை டிராக் லிங்க் என்னும் தண்டு ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. அச்சக்கரத்தின் திருப்பத்தை டை ராடு மறுபக்கச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. இத்தண்டுகளின் முனைகளில் பந்துக் கிண்ண மூட்டுகள் உள்ளன. நம் தோள்மூட்டைப் போன்றவை இவை. பட்டறையில் இவற்றை 'டை ராடு எண்டு' என்பார்கள். சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில், முன் ஆக்சிலின் நுனியில் 'கிங் பின்' என்னும் முளையைச் சுற்றித் திரும்புகிறது. கதவுக்குக் கீல் எப்படியோ, முன் சக்கரத்துக்குக் கிங் பின் அப்படி.

திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் குறைவாகவும் திரும்ப வேண்டும். இல்லையேல் டயர் தரையில் இழுபடும். இதற்கான அமைப்பை ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த வண்டி செய்வோரான லாங்கென்ஸ்பெர்கர் உருவாக்கினார். 1818-இல் ருடால்ஃப் ஆக்கர்மன் இலண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்குக் கண்ட அதே வடிவியல்தான் இன்றும் நம் லாரியின் டை ராடில் இருக்கிறது. டை ராடின் நீளமோ கைகளின் கோணமோ மாறினால் அந்த வடிவியல் குலைந்துவிடும்.

அடுத்தது தாங்கு அமைப்பு. நம் ஊர் வில் வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டால் கோத்து, யூ போல்ட்டுகளால் ஆக்சிலோடு இறுக்குகிறார்கள். மேலே உள்ள மெயின் பட்டையின் இரு முனைகளும் கண் போலச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு கண் சேஸிஸின் பிராக்கெட்டில் பின்னாலும், மறு கண் ஷேக்கிள் என்னும் ஊசல் துண்டாலும் மாட்டப்படுகின்றன. பாரம் ஏறினால் பட்டை நிமிர்ந்து நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பதே ஷேக்கிளின் வேலை. ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இராமல் அடக்குவது ஷாக் அப்சார்பர்.

ஒன்றை நினைவிற் கொள்க. முன் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் இந்தப் பட்டைகளே. பட்டை முறிந்தால் ஆக்சில் நகரும்; ஆக்சில் நகர்ந்தால் வளையத்தைத் திருப்பாமலே சக்கரம் திரும்பும். ஆகவே ஸ்டியரிங்கும் ஸ்பிரிங்கும் இரு வேறு பாடங்கள் அல்ல.

பட்டையின் இயற்பியல்

பாரத்துக்கு ஏற்ப நீட்சி என்ற விதியை இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். அவ்விதி வளையும் சட்டத்துக்கும் பொருந்தும். முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் மீட்டர் அளவுகோலைக் கத்தி முனைகள் மீது வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டு யங் குணகம் கண்டோமே, அச்சோதனையின் பெரிய வடிவம்தான் லாரிப் பட்டை. அச்சூத்திரத்தில் அகலம் ஒரு முறையும் தடிமன் மும்முறை பெருக்கப்பட்டும் வருவதை நினைவுகூர்க. தடிமனைத் திருகு அளவியால் ஏன் அத்தனை நுட்பமாக அளக்கச் சொன்னார்கள் என்பது லாரிப் பட்டையைப் பார்த்த பிறகே எனக்கு நன்கு விளங்கியது.

ஒரு கணக்குப் போடுவோம். பழைய ஆறு சக்கர லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 16.2 டன், அதில் முன் ஆக்சிலுக்கு 6 டன். ஆக்சிலின் சொந்த எடையைக் கழித்தால், ஒரு முன் ஸ்பிரிங் தாங்குவது ஏறத்தாழ 2.7 டன் எனக் கொள்ளலாம். ஸ்பிரிங்கின் நீளம் 1400 மி.மீ., பட்டையின் அகலம் 70 மி.மீ., தடிமன் 12 மி.மீ., எண்ணிக்கை 9 என்று வைத்துக்கொள்வோம். கணக்கிட்டால் ஸ்பிரிங் சுமார் 125 மி.மீ. இறங்கும், பட்டையில் தோன்றும் தகைவு சதுர மில்லி மீட்டருக்குச் சுமார் 610 நியூட்டன். இது லாரி அசையாமல் நிற்கும்போது. பள்ளத்தில் விழுந்து எழும்போது இது இரட்டிப்பாகக்கூடும்.

சாதாரண மென் எஃகு சுமார் 250 நியூட்டனிலேயே மீளாமல் வளைந்துவிடும். சிலிக்கன்-மாங்கனீஸ் அல்லது குரோமியம்-வனேடியம் கலந்த ஸ்பிரிங் எஃகு, முறையாகச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டால், ஆயிரத்துக்கு மேலும் தாங்கும்.

இங்கேதான் பலரும் அறியாத ஒரு செய்தி இருக்கிறது. எஃகின் வகை எதுவாயினும் யங் குணகம் ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் மட்டமான பட்டையும் உயர்ந்த பட்டையும், அளவு ஒன்றாக இருந்தால், தொடக்கத்தில் ஒரே அளவுதான் வளையும். கடையில் மிதித்துப் பார்ப்பதாலும், லாரியில் மாட்டி முதல் நாள் நிற்கும் உயரத்தைப் பார்ப்பதாலும் தரத்தை அறிய முடியாது. வேறுபாடு பின்னரே தெரியும். நல்ல பட்டை பாரம் இறங்கியதும் பழைய வளைவுக்குத் திரும்பும். மட்டமான பட்டை படுத்துவிடும், அல்லது முறிந்துவிடும்.

தடிமனில் செய்யப்படும் குறையை மட்டும் நாமே கண்டுபிடிக்கலாம். 12 மி.மீ. இருக்க வேண்டிய பட்டை 11 மி.மீ. இருந்தால், அதன் விறைப்பு 23 சதவீதம் குறைகிறது. தகைவு 19 சதவீதம் கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லி மீட்டர் இத்தனை வேலை செய்கிறது! வெர்னியர் காலிபர் ஒன்று இருந்தால் இதை ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிகப் பாரம் ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை போடும் வழக்கம் உண்டு. 9 பட்டைக்கு 11 பட்டை போட்டால் விறைப்பு 22 சதவீதம் கூடும்; பட்டை பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஆக்சிலும் கிங் பின்னும் பிராக்கெட்டும் பழைய அளவிலேயே இருக்கின்றன. பட்டை வாங்காத அதிர்ச்சியை அவை வாங்குகின்றன. பாரம் மிகுந்தால் மெல்லிய பொருளும் வண்டியின் அச்சை முறிக்கும் என்று வள்ளுவர் உணர்த்தியது இன்றும் மெய்யே.

முறிந்த பட்டை கற்பித்த பாடம்

2022-இல் என் தந்தை தாவணகெரேயிலிருந்து கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு, தருமபுரியைத் தாண்டித் தொப்பூர்க் கணவாயில் இறங்கினார். நடுச்சரிவில் லாரி திடீரென்று இடப்பக்கம் இழுத்தது. இரண்டாம் கியரில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததால், மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்த முடிந்தது. இறங்கிப் பார்த்தால், இடது முன் ஸ்பிரிங்கின் மெயின் பட்டை கண்ணுக்கு அருகே இரண்டாக முறிந்து, ஆக்சில் பின்னால் நகர்ந்திருந்தது. அந்தப் பட்டை மாட்டி நான்கு மாதம்கூட ஆகவில்லை. 'கம்பெனி சாமான்' என்று சொல்லி, அழகான ஸ்டிக்கரோடு விற்கப்பட்ட பட்டை அது. வேகமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என் தாய் இன்றும் பேச விடுவதில்லை.

முறிந்த துண்டை அப்பா வீட்டுக்கு எடுத்து வந்தார். முறிந்த முகத்தில் இரண்டு நிறங்கள் இருந்தன. மேற்புறத்தில் ஒரு பகுதி கறுத்து, சிப்பியின் ஓட்டைப் போல் வரிவரியாக இருந்தது; எஞ்சிய பகுதி மணல் மணலாக மின்னியது. எங்கள் பேராசிரியர் இதற்கு விளக்கம் தந்தார். கறுத்த பகுதி பல நாட்களாக மெல்ல வளர்ந்த விரிசல். மின்னிய பகுதி கடைசி நொடியில் அறுந்த இடம். இதனை அயர்வு முறிவு என்பர். பட்டை கணவாயில் முறியவில்லை. மாட்டிய சில நாட்களிலேயே முறியத் தொடங்கிவிட்டது.

விரிசல் மேற்புறத்தில் ஏன் தொடங்குகிறது? பாரம் ஏறும்போது பட்டையின் மேற்பரப்பு இழுவிசைக்கும் கீழ்ப்பரப்பு அமுக்கத்துக்கும் உள்ளாகின்றன. விரிசல் இழுவிசைப் பக்கத்தில்தான் வாய் திறக்கும். இதைத் தடுக்க, நல்ல தொழிற்சாலைகளில் மேற்பரப்பின் மீது சிறு எஃகு மணிகளை வேகமாகப் பொழிந்து அடிக்கிறார்கள். அந்த அடிகள் பரப்பை முன்கூட்டியே அமுக்கத்தில் வைத்துவிடுகின்றன. விரிசல் தொடங்க இடம் கிடைப்பதில்லை. அவ்வாறு செய்த பட்டையின் மேற்பரப்பு, பெயிண்டுக்கு அடியிலும் ஆரஞ்சுத் தோல் போல் நுண்ணிய குழிகளோடு சீராக இருக்கும். எங்கள் வீட்டில் கிடந்த துண்டில் அத்தகைய குழி ஒன்றுகூட இல்லை. நல்ல பட்டையில் அரத்தை வைத்துத் தேய்த்தால் சிரமப்பட்டுத்தான் பிடிக்கும். இதிலோ அரம் எளிதாக இறங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாகம் வாங்கும்போதும் அப்பா என்னை அழைக்கிறார். "பொட்டி நல்லாத்தான் இருக்குது, உள்ளே இருக்கற இரும்பு என்னன்னு பார்த்துச் சொல்லு கண்ணு" என்பார். பெட்டி மீது எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் நான் ஒருவரே. இரும்பைத் தொட்டு அறிய அவருக்குத் தெரியும். இரண்டு அறிவும் சேர்ந்தால்தான் நல்ல பாகம் வாங்க முடிகிறது.

ஸ்டியரிங்கில் ஆட்டம் எவ்வளவு இருக்கலாம்?

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வளையத்தில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. பந்து மூட்டுகள் எல்லாம் ரப்பர் உறையால் மூடப்பட்டிருக்க வேண்டும். இணைக்கும் போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வாகனம் ஆண்டுதோறும் எஃப்.சி. பெற வேண்டும். ஆனால் அந்த ஒரு நாளுக்காக மட்டும் ஆட்டத்தைச் சரிசெய்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

30 டிகிரி என்பது கடைசி எல்லை. நல்ல நிலைக்கு அடையாளம் அன்று. பாக்ஸின் விகிதம் 20-க்கு 1 எனக் கொண்டால், வளையத்தில் 30 டிகிரி என்பது சக்கரத்தில் சுமார் 1.5 டிகிரி. சக்கரங்களுக்கு இடையே 4.2 மீட்டர் தூரமுள்ள லாரியில், ஒரு கல் தட்டிச் சக்கரம் அந்த 1.5 டிகிரியும் திரும்பிவிட்டால், அடுத்த 20 மீட்டரில் லாரி சுமார் 1¼ மீட்டர் விலகும். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் கடக்க 1.2 நொடி போதும். எதிரே பேருந்து வரும் சாலையில் 1¼ மீட்டர் என்பது மரணத்தின் தூரம்.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று அறிய எளிய வழி உண்டு. லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒருவர் வளையத்தைச் சிறிதளவு இடமும் வலமும் ஆட்ட வேண்டும். மற்றொருவர் கீழே ஒவ்வொரு மூட்டின் மீதும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையத் தாமதமானால் அந்த மூட்டே குற்றவாளி. கிங் பின்னுக்கு ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி, கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். இரு புஷ்களுக்கும் இடைத்தூரம் 200 மி.மீ., டயரின் விட்டம் ஒரு மீட்டர் என்றால், புஷ்ஷின் தேய்மானம் சக்கர ஓரத்தில் ஐந்து மடங்காகத் தெரியும். அரை மில்லி மீட்டர் தேய்மானம் 2.5 மி.மீ. அசைவாக வந்து நிற்கும். நெம்புகோல் தத்துவம் இங்கே நமக்குத் துணை செய்கிறது. ஆனால் சக்கரத்தின் பேரிங் தளர்ந்திருந்தாலும் இதே அசைவு தோன்றும். பிரேக்கை மிதித்துக்கொண்டு மீண்டும் ஆட்டினால், அசைவு நின்றால் பேரிங்; நிற்காவிட்டால் கிங் பின்.

கடையில் கிடைக்கும் நான்கு வகை

முதல் வகை, லாரிக் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வருவது. இரண்டாம் வகை, அக்கம்பெனிக்கே பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலை தன் பெயரில் விற்பது. தரம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். விலை சற்றுக் குறையும். மூன்றாம் வகை, வேறு தொழிற்சாலைகள் தம் பெயரில் செய்வது. இதில் நல்லதும் உண்டு, அல்லதும் உண்டு. தம் பெயரையும் முகவரியையும் பாகத்தின் மீதே பொறித்து விற்பவரை நம்பத் தொடங்கலாம். நான்காம் வகை போலி. பிறர் பெயரைத் திருடி விற்பவர் நாளை புகாருக்குப் பதில் சொல்ல வரமாட்டார்.

இவையன்றிப் பழைய இரும்புக் கடைச் சாமானும் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையைப் போன்ற இடங்களில் கிடைக்காத பாகம் இல்லை என்பர். பழைய லாரிக்குச் சில பாகங்கள் அங்கேதான் கிடைக்கும். பிராக்கெட், ஷாக் அப்சார்பர் தாங்கி போன்றவற்றை விரிசல் பார்த்துப் பழையதாக வாங்கலாம். ஆனால் பட்டை, டை ராடு எண்டு, கிங் பின், யூ போல்ட் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. அயர்வு என்பது கண்ணுக்குத் தெரியாத கடன். முந்தைய லாரியில் அப்பாகம் எவ்வளவு கடன் பட்டிருக்கிறது என்பதை யாரும் அறியமாட்டார்கள்.

கையில் எடுத்துச் சோதிக்கும் முறை

(1) எண்: பழைய பாகத்தைத் துடைத்து, அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, பாகத்தையே கடைக்கு எடுத்துச் செல்க. லாரியின் சேஸிஸ் எண்ணையும் சொல்ல வேண்டும். ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறும்.

(2) பெட்டி: செய்தவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை ஆகியன அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எழுத்துப் பிழையும் மங்கிய அச்சும் எச்சரிக்கை மணிகள். பெட்டியிலுள்ள எண்ணும் பாகத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்க்க.

(3) டை ராடு எண்டு: இதன் உடல் வார்ப்பாக இராமல் அடித்து உருவாக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அச்சில் அடித்து உருவாக்கியதன் பக்கத்தில் அகலமான வெட்டுத் தடம் ஓடும். வார்ப்பில் மெல்லிய கோடு தெரியும். பந்து முள்ளைக் கையால் அசைத்தால் சீராகவும் சற்று இறுக்கமாகவும் அசைய வேண்டும். கடகடவென்று ஆடக் கூடாது. ஓரிடத்தில் சிக்கவும் கூடாது. கூம்பு முனையில் மெல்லிய மை தடவி, கைக்குள் பொருத்தி எடுத்தால், மை சுற்றிலும் சீராகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒரு வளையமாக மட்டும் தேய்ந்தால் கூம்பு பொருந்தவில்லை; அது நாளடைவில் ஆடி முறியும். இட மரை, வல மரை இரண்டும் உண்டு, மாற்றி வாங்காதீர்.

(4) ரப்பர் உறை: விரலால் மடித்தால் வெள்ளைக் கோடோ வெடிப்போ தோன்றக் கூடாது. உறை கிழிந்தால் மண்ணும் நீரும் புகுந்து கிரீஸை அரைக்கும் மாவாக்கிவிடும்.

(5) கிங் பின்: திருகு அளவியால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்க. அளவு வேறுபட்டால் அது உருண்டையன்று. கடைக்காரர் இசைந்தால், புஷ்ஷுக்குள் வேலை செய்யும் பரப்பின் ஓரத்தில் அரத்தை லேசாக வைத்துப் பார்க்கலாம். நன்கு கடினமாக்கிய பரப்பில் அரம் வழுக்கும். புஷ்ஷின் கிரீஸ் துளையும் கிரீஸ் நிப்பிளின் துளையும் நேராக அமைகின்றனவா என்பதையும் காண்க. துளை மாறிய புஷ், கிரீஸ் இல்லாத புஷ்ஷே.

(6) பட்டை: தடிமன், அகலம், வளைவு மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஓரங்களில் வெட்டுக்காயமோ, சுத்தியல் தழும்போ, வெல்டிங் புள்ளியோ இருந்தால் வேண்டாம். விரிசல் தொடங்க ஒரு சிறு கீறல் போதும். கண்ணின் சுருள் உடலோடு ஒட்டி, சீரான வட்டமாக இருக்க வேண்டும்.

(7) போல்ட்: தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பார்கள். புள்ளிக்கு முன் உள்ள எண்ணை நூறால் பெருக்கினால் அறுபடும் வலிமை; பின் உள்ள எண், அதில் எத்தனை பங்கில் போல்ட் மீளாமல் நீளத் தொடங்கும் என்பதைச் சொல்லும். 10.9 என்றால் சதுர மில்லி மீட்டருக்கு 1000 நியூட்டன் அறுபடும் வலிமை. 900 வரை மீளும். எண்ணே இல்லாத போல்ட் ஸ்டியரிங்கில் இடம்பெறக் கூடாது.

(8) ஷாக் அப்சார்பர்: நிமிர்த்திப் பிடித்து மெல்ல இழுத்து அமுக்கினால், தடை தொடக்கம் முதல் இறுதி வரை சீராக இருக்க வேண்டும். தண்டில் கீறலும் எண்ணெய்க் கசிவும் கூடாது.

(9) பில்: பாகத்தின் எண் எழுதிய பில் வாங்குக. பில் தர மறுக்கும் கடையில் பாகமும் வேண்டாம்.

பொருத்துவதில் கவனம்

நல்ல பாகமும் தவறாகப் பொருத்தினால் கெட்ட பாகமே. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கிங் பின் ஆகியவற்றை இருபக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுவது நலம். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் படுத்ததும் இருந்தால் லாரி சாயும்.

யூ போல்ட்டைக் கழற்றினால் புதியதே போட வேண்டும். இறுகி நீண்ட மரை மீண்டும் அதே பிடியைத் தராது. பாரம் ஏற்றி ஓடிய முதல் சில நூறு கிலோ மீட்டரில் மீண்டும் இறுக்க வேண்டும். யூ போல்ட் தளர்ந்தால் அதன் வேலை சென்டர் போல்ட்டின் தலையில் விழும். அது அறுபட்டால் ஆக்சில் நகர்ந்து, லாரி நண்டு போல் பக்கவாட்டில் நடக்கும். காட்டர் பின்னையும் பழையதை நிமிர்த்திப் போடலாகாது. அதன் விலை ஒரு தேநீரின் விலைகூட இராது. அது காப்பதோ உயிர்.

ஸ்டியரிங் கையையும் டை ராடையும் சூடாக்கி நிமிர்த்துவதும், முறிந்த பட்டையை வெல்டிங் செய்வதும் பெருந்தவறு. சூடு ஏறிய இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மீண்டும் முறியும். படுத்த பட்டையை உலையில் காய்ச்சி வளைவு ஏற்றுவோரும் உளர். வெப்பத்தை அளந்து, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் பதப்படுத்தினாலன்றி அது சில மாத வேலையே.

மலிவின் உண்மை விலை

'மலிவாகக் கிடைக்கிறதே' என்போருக்கு ஒரு கணக்கு. தேய்ந்த மூட்டினால் முன் சக்கரங்களின் நேரமைப்பு 3 மி.மீ. பிசகினால், ஒவ்வொரு சக்கரமும் ஆயிரத்தில் 1.5 பங்கு சாய்ந்து ஓடும். அதாவது ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் டயர் 1.5 மீட்டர் பக்கவாட்டில் தரையோடு தேய்க்கப்படுகிறது. ஒரு நாளில் 400 கிலோ மீட்டர் ஓடினால், 600 மீட்டர் தூரம் பாரத்தோடு டயரை இழுத்துச் சென்றதற்கு ஒப்பாகும். டை ராடு எண்டில் மிச்சம் பிடித்த பணம் டயர்க் கடைக்குப் போய்ச் சேர்கிறது. தடம் ஓரத்தில் மட்டும் இரம்பப் பல்லாகத் தேய்ந்த முன் டயரைக் கண்டால், அதன் மொழியை நீங்கள் இனிப் படித்துவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற ஒற்றை லாரி முதலாளியால் இயலாது என்பதை நான் அறிவேன். எங்கள் வீட்டிலும் இயலாது. பணம் குறைவாக இருக்கும்போது வரிசை ஒன்று வகுத்துக்கொள்ள வேண்டும். கழன்றால் உயிர் போகும் பாகங்கள் முதலில்: பந்து மூட்டுகள், டிராக் லிங்க், கிங் பின், முன் மெயின் பட்டை, யூ போல்ட். தேய்ந்தால் செலவு வைப்பவை அடுத்து: ஷேக்கிள் புஷ், ஷாக் அப்சார்பர். வசதிக்கானவை கடைசியில். எங்கள் லாரிக்கு இருக்கை உறையும் கேபின் பெயிண்டும் இன்னும் காத்திருக்கின்றன. பந்து மூட்டுகள் நான்கும் புதியவை.

முடிவுரை

இயற்பியல் என்றதும் நம்மில் பலர் தேர்வுத் தாளையே நினைக்கிறோம். ஆனால் யங் குணகமும் நெம்புகோலும் ஹூக் விதியும் நம் தெருவில் நிற்கும் லாரிக்கு அடியில் நாள்தோறும் வேலை செய்கின்றன. பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கும் மேஸ்திரிகள் ஏட்டில் படிக்காமலே இவற்றை அறிந்திருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது மிகுதி. அவர்களால் படிக்க இயலாத பெட்டியையும், அளக்க நேரமில்லாத தடிமனையும் நாம் பார்த்துச் சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு.

லாரி வைத்திருக்கும் வீட்டிலிருந்து வரும் நண்பர்களே! அடுத்த விடுமுறையில் ஒரு வெர்னியரையும் ஓர் அரத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் லாரிக்கு அடியில் சென்று பாருங்கள். தந்தையோ அண்ணனோ கடைக்குப் போகும்போது உடன் செல்லுங்கள். பெட்டியைப் படியுங்கள், இரும்பையும் படியுங்கள். சாலையில் செல்வோர் அனைவரும் பத்திரமாக வீடு வந்து சேர நம் படிப்பு பயன்படுமாக!